பழைய காரின் விளக்குக் கண்ணாடியை வீட்டிலேயே வார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1961 முதல் சென்னையில் தயாரான கார். அதைச் செய்த கம்பெனியில் 1988-ஓடு உற்பத்தி நின்றுவிட்டது. இன்ஜின் சாமானைக்கூட அலைந்து திரிந்து தேடிப் பிடித்துவிடலாம், கிடைக்காததை லேத்தில் கடைந்துகொள்ளலாம். பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடி உடைந்தால்தான் கை ஒடிந்த மாதிரி ஆகிவிடும். அப்படி ஒரு நாள் உடைந்தபோது இந்த வேலையைக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். அதன் பிறகு ஹெரால்டு, கெசல், பழைய ஃபியட் வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ‘கண்ணாடி’ என்று எழுதுவது பழக்கத்தில் வருவது. பேசப்போவது பிளாஸ்டிக் லென்ஸைப் பற்றி.

வார்க்கத்தான் வேண்டுமா? கடையில் கிடைக்காதா?

முதலில் தேடுங்கள். அம்பாசிடர் 2014 வரை வந்த கார். பத்மினியும் லட்சக்கணக்கில் ஓடிய கார்தான். இவற்றுக்குச் சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ பழைய ஸ்டாக் கிடைக்க இன்னும் வழி இருக்கிறது. மோரிஸ் மைனர், மினி மாதிரி பிரிட்டிஷ் கார்களுக்குப் பிரிட்டனிலேயே புதிதாக அச்சுப் போட்டு விற்கிறார்கள். இலங்கையில் மைனர் ஓட்டுகிறவர்கள் இந்த வேலையில் இறங்கவே தேவையில்லை.

தேடப் போகும்போது உடைந்த துண்டைக் கையில் கொண்டு போங்கள். லென்ஸின் விளிம்பில் எழுத்தும் எண்ணும் வார்த்திருக்கும். கார் பெயரைச் சொன்னால் உதட்டைப் பிதுக்கும் கடைக்காரர், அந்த எண்ணைப் பார்த்ததும் பரணில் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் ஒரே விளக்கு நாலைந்து மாடல்களுக்குப் போனதுண்டு.

இத்தனைக்கும் பிறகு கிடைக்கவில்லை என்றால்தான் வார்ப்பு.

எந்தெந்த விளக்குக்குச் செய்யலாம்?

பின்விளக்கு, பிரேக் லைட், இண்டிகேட்டர், பார்க்கிங் லைட், ரிவர்ஸ் லைட், நம்பர் பிளேட் விளக்கு, காருக்குள் இருக்கும் கூரை விளக்கு ஆகியவற்றுக்குச் செய்யலாம்.

ஹெட்லைட்டுக்குச் செய்யாதீர்கள். பழைய ஹெட்லைட்டின் முன்கண்ணாடி நிஜக் கண்ணாடி. வெளிச்சம் எங்கே விழ வேண்டும், எங்கே வெட்டுப்பட வேண்டும் என்பதை அதிலுள்ள வரிகள்தான் முடிவு செய்கின்றன. வீட்டில் வார்த்ததைப் போட்டால் எதிரே வருகிறவரின் கண் கூசும், உங்களுக்கும் ரோடு தெரியாது. 60/55 வாட் ஹாலோஜன் பல்பின் சூட்டையும் ரெசின் தாங்காது. பெரும்பாலான பழைய கார்களுக்கு 7 அங்குல வட்ட ஹெட்லைட் புதிதாகவே கிடைக்கிறது, அதை வாங்கிப் போடுங்கள்.

அசல் லென்ஸ் எந்தப் பிளாஸ்டிக்? அதையே உருக்கி ஊற்ற முடியாதா?

அது அக்ரிலிக். ஃபேக்டரியில் இருநூறு டிகிரிக்கு மேல் உருக்கி, இரும்பு அச்சுக்குள் பெரும் அழுத்தத்தில் செலுத்துவார்கள். வீட்டு அடுப்பில் உருக்கினால் கருகி, குமிழ் விட்டு, நாற்றம்தான் மிஞ்சும். நமக்கு இருப்பது இரண்டு வழி. சிலிக்கோன் ரப்பரில் அச்சு எடுத்துத் தெளிவான ரெசின் ஊற்றுவது ஒன்று. நிற அக்ரிலிக் ஷீட்டைச் சூடாக்கி வளைப்பது இன்னொன்று.

இரண்டில் எது நல்லது?

லென்ஸைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். அங்கே வரிவரியாகவோ கட்டம் கட்டமாகவோ இருக்கிறதா? பல்பின் ஒரு பொட்டு வெளிச்சத்தை லென்ஸ் முழுக்கப் பரப்பி, பக்கவாட்டில் நிற்பவருக்கும் தெரிய வைப்பது அந்த வரிகள்தான். அவை இருந்தால் ரெசின் வார்ப்பு மட்டுமே சரி. ஷீட்டை வளைக்கும்போது அந்த வரிகள் வராது.

கூரை விளக்கு மூடி, பார்க்கிங் லைட்டின் மேலோட்டமான மூடி மாதிரி எளிய வடிவத்துக்கு ஷீட் போதும். போர்டு செய்யும் கடைகளில் 3 மி.மீ. அக்ரிலிக் வெட்டித் தருவார்கள். பால் மாதிரி மங்கலாக இருப்பதை எடுக்காமல் ஊடே பார்க்கிற மாதிரி இருப்பதை எடுங்கள். 80 டிகிரியில் சில மணி நேரம் வைத்து ஈரத்தைப் போக்கிவிட்டு, 160 டிகிரி வாக்கில் சூடாக்கினால் அப்பளம் நமுத்த மாதிரி தொய்யும். அந்தப் பதத்தில், கைக்கு உறை போட்டுக்கொண்டு, மர அச்சின் மேல் போர்த்தி அழுத்திப் பிடிக்க வேண்டும். ஈரம் போகாத ஷீட்டாக இருந்தால் உள்ளே குமிழ் குமிழாகப் பொரியும். ஆழமான வடிவமாக இருந்தால் மூலைகளில் ஷீட் மெலிந்து நிறமும் வெளுக்கும்.

இந்த முறையைப் பற்றி இவ்வளவு போதும். மீதி எல்லாம் ரெசின் வார்ப்பைப் பற்றியது.

எந்த ரெசின் வாங்குவது?

கடையில் மூன்று வகை கிடைக்கும்.

பாலியஸ்டர் ரெசின் விலை குறைவு. ஃபைபர் கிளாஸ் வேலைக்காரர்கள் பயன்படுத்துவது. ஆனால் இறுகும்போது நன்றாகச் சுருங்கும், நீங்கள் வார்த்த லென்ஸ் விளக்குக் கிண்ணத்தில் உட்காராது. வீடு முழுக்க நெடி அடிக்கும். இது வேண்டாம்.

எபாக்சி முதல் முறை செய்பவர்களுக்கு ஏற்றது. சுருக்கம் மிகக் குறைவு, நிதானமாக வேலை செய்ய நேரம் தரும். இரண்டு குறைகள் உண்டு. வெயிலில் மஞ்சள் பூக்கும். சாதாரண எபாக்சி 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் நிற்கும் காரின் தகடு தொட முடியாத அளவு சுடும் என்பதை நினைவில் வையுங்கள். அதனால் கைவினைப் பொருள்களுக்கு விற்கும் எபாக்சியில் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று அதன் விவரத்தாளில் போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

தெளிவான பாலியூரித்தேன்தான் மூன்றிலும் அசலுக்கு மிக அருகில் வருவது. உறுதியும் உண்டு, வெயில் தாங்கும் ரகமும் உண்டு. ஆனால் ஈரம் அதற்குச் சுத்தமாக ஆகாது. காற்றில் இருக்கிற ஈரத்தோடு சேர்ந்தாலே வாயு கிளம்பி நுரைத்துவிடும். சென்னை மாதிரி கடலோர ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் பாட்டிலைத் திறக்கவே பயமாக இருக்கும். அதன் ஆவி மூச்சுக்குழாயையும் பாதிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

என் அபிப்பிராயம் இது. முதல் மூன்று, நான்கு லென்ஸ்களை எபாக்சியில் வார்த்துப் பாருங்கள். கை பழகிய பிறகு, தை மாசிக்குப் பின் காற்று வறண்ட ஒரு நாளில் பாலியூரித்தேனை எடுங்கள்.

என் லென்ஸ் உடைந்துபோயிருக்கிறது. அதிலிருந்து அச்சு எடுக்க முடியுமா?

முடியும். அச்சுக்கு நிறம் தெரியாது. வடிவமும் பளபளப்பும் மட்டும்தான் தெரியும். ஆகவே அச்சு எடுக்க வைக்கும் மாதிரி லென்ஸ் ஊடே தெரிய வேண்டிய அவசியமே இல்லை. இது பிடிபட்டதும் பாதிப் பயம் போய்விடும்.

துண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். தின்னர், பெட்ரோல் எதையும் அருகே கொண்டு வராதீர்கள். பழைய அக்ரிலிக்கில் தின்னர் பட்டால் சிலந்தி வலை மாதிரி நுண்விரிசல் ஓடிவிடும், அப்புறம் அதை மீட்கவே முடியாது. காய்ந்ததும் துண்டுகளைச் சரியாகப் பொருத்தி, பின்பக்கம் டேப் ஒட்டி நிறுத்துங்கள். அக்ரிலிக் போர்டு செய்பவர்கள் குளோரோஃபார்ம் வைத்து ஒட்டுவார்கள். அதில் ஒரு சொட்டை இடுக்கில் விட்டால் உள்ளே ஓடி இரண்டையும் உருக்கி ஒன்றாக்கிவிடும். காற்றோட்டமான இடத்தில் அவரையே செய்துதரச் சொல்வது நல்லது. சூப்பர் க்ளூ போட்டால் சுற்றிலும் வெள்ளையாகப் பூக்கும். மாதிரிக்கு அது பரவாயில்லை, ஆனால் அந்தப் பூப்பைத் தேய்த்து எடுத்தே ஆக வேண்டும்.

துண்டு காணாமல் போயிருந்தால், டிங்கர் கடையில் போடும் பட்டியை வைத்து நிரப்புங்கள். உள்பக்க வரிகள் போன இடத்துக்கு ஒரு வழி இருக்கிறது. அதே லென்ஸில் வரிகள் நன்றாக இருக்கும் இடத்தில் கட்டை விரல் அளவுக்குச் சிலிக்கோன் பூசி அச்சு எடுத்து, அதில் ரெசின் ஊற்றி ஒரு சின்ன வில்லை செய்து, போன இடத்தில் வரிக்கு வரி சேர்த்து ஒட்டலாம். பூதக்கண்ணாடியும் பொறுமையும் வேண்டும்.

பிறகு தேய்ப்பு. 400, 800, 1200, 2000 என்று படிப்படியாக உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, கடைசியில் பாலீஷ் போடுங்கள். ஜன்னல் ஓரமாகப் பிடித்தால் ஜன்னல் கம்பியின் பிம்பம் லென்ஸில் வளையாமல், உடையாமல் தெரிய வேண்டும். ஒரு முறை அவசரத்தில் என் கட்டை விரல் ரேகை பாலீஷின் மேல் பதிந்திருந்ததைக் கவனிக்காமல் அச்சு எடுத்துவிட்டேன். அந்த அச்சிலிருந்து வந்த ஆறு லென்ஸிலும் அந்த ரேகை அப்படியே இருந்தது. மொத்த வேலையில் பாதிக்கு மேல் இந்த மாதிரியைத் தயார் செய்வதுதான். இதற்கு ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும்.

அச்சு எடுப்பது எப்படி?

இரண்டு பாதியாக எடுக்க வேண்டும், ஏனென்றால் லென்ஸுக்கு வெளிப்பக்கமும் உள்பக்கமும் இருக்கிறது.

பலகை மேல் களிமண் பரப்பி, லென்ஸைக் குப்புறக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி அதில் உட்கார வையுங்கள். உள்குழிவு முழுக்க களிமண் நிரம்பியிருக்கட்டும், விளிம்பு வரை மேடாக அணைத்துக் கொடுங்கள். விளிம்புக்கு வெளியே களிமண்ணில் பென்சில் மொட்டையால் நாலைந்து குழி போடுங்கள். இரண்டு பாதியும் பின்னால் இடம் மாறாமல் உட்கார அந்தக் குழிகள்தான் உதவும். சுற்றிலும் அட்டையிலோ ஷீட்டிலோ சுவர் எழுப்பி, இடுக்குகளை அடைத்துவிடுங்கள். ஒரு சொட்டு இடுக்கு இருந்தாலும் சிலிக்கோன் ராத்திரியோடு ராத்திரியாக ஒழுகிப் போகும்.

சிலிக்கோனையும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரையும் டப்பாவில் போட்டிருக்கிற விகிதத்தில் தராசில் நிறுத்துக் கலக்குங்கள். கண் மதிப்பு இதில் உதவாது. முதலில் பிரஷால் லென்ஸ் முழுக்க மெல்லிசாகப் பூசுங்கள், எழுத்துகளின் ஓரத்தில் காற்று நிற்காது. பிறகு ஒரு மூலையில் மட்டும், நூல் மாதிரி மெலிந்த தாரையாக, கொஞ்சம் உயரத்திலிருந்து ஊற்றுங்கள். தாரை மெலியும்போதே உள்ளிருக்கும் குமிழ்கள் உடையும்.

மறுநாள் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டு, களிமண்ணை மட்டும் எடுத்துவிடுங்கள். லென்ஸ் சிலிக்கோனுக்குள்ளேயே இருக்க வேண்டும், அசைக்கக் கூடாது. வரிகளுக்குள் ஒட்டிய களிமண்ணைப் பழைய பல் பிரஷால் சோப்புத் தண்ணீர் விட்டு எடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் சிலிக்கோன் தெரிகிற இடமெல்லாம் வாஸலினை மிக மெல்லிசாகத் தடவுங்கள். சிலிக்கோன் அக்ரிலிக்கில் ஒட்டாது, ஆனால் சிலிக்கோனோடு பிரிக்க முடியாமல் ஒட்டும். வாஸலின் மறந்தால் லென்ஸை உள்ளே வைத்து மூடிய ஒரு ரப்பர்க் கட்டிதான் கிடைக்கும். அதன் பிறகு இரண்டாவது பாதியை ஊற்றலாம்.

ஊற்றும் வழியும் காற்று வெளியேறும் வழியும் விளிம்பில் வரட்டும். அந்த இடம் ரப்பர் கேஸ்கெட்டுக்கோ குரோம் வளையத்துக்கோ அடியில் மறைந்துபோகும்.

சிலிக்கோன் இரண்டு நாளாகியும் பிசுபிசுவென்று இருக்கிறது. ஏன்?

பிளாட்டினம் வகைச் சிலிக்கோன் வாங்கியிருப்பீர்கள். அதற்குக் கந்தகம் ஆகாது. உருவம் செய்ய விற்கும் சில களிமண்களில் கந்தகம் இருக்கும், லேடெக்ஸ் கையுறையும் அதைக் கெடுக்கும். கந்தகம் இல்லாத களிமண்ணும் நைட்ரைல் கையுறையும் எடுங்கள். டின் (வெள்ளீயம்) வகைச் சிலிக்கோன் இந்த விஷயத்தில் இவ்வளவு முரண்டு பிடிக்காது. ஆனால் நாளாக ஆகக் கொஞ்சம் சுருங்கும், அதனால் அச்சு எடுத்த சில வாரங்களுக்குள் வார்த்துவிட வேண்டும்.

எவ்வளவு ரெசின் கலக்க வேண்டும்?

மாதிரி லென்ஸைத் தராசில் வையுங்கள். அக்ரிலிக்கும் எபாக்சியும் கிட்டத்தட்ட ஒரே கனம்தான், அக்ரிலிக் சற்றே கூடுதல். லென்ஸ் 60 கிராம் என்றால் 70 கிராம் கலந்தால் ஊற்றும் வாயையும் சேர்த்துப் போதும். அதிகம் கலந்து கோப்பையில் மிச்சம் விடாதீர்கள். அச்சுக்குள் மெல்லிசாகப் பரவியது அமைதியாக இறுகும். கோப்பையில் மொத்தமாகத் தங்கியது தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும்.

சிவப்பு நிறம் சரியாக வரவில்லை. ரோஜா நிறத்தில் தெரிகிறது.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. முதலில், ஊடே ஒளி போகும் சாயமாக வாங்குங்கள். பெயிண்டிலோ பேஸ்ட்டிலோ இருக்கும் நிறத்தூள் ஒளியை மறைத்துவிடும். பகலில் பார்க்க அழகான சிவப்பாக இருக்கும், உள்ளே பல்பு எரிந்தால் செங்கல் மாதிரி இருண்டு கிடக்கும்.

அடுத்தது, பல சிவப்புச் சாயங்கள் சிவப்போடு கொஞ்சம் நீலத்தையும் ஊடே விடுகின்றன. அதனால்தான் ரோஜா நிறம். ஒரு துளி மஞ்சள் சேர்த்தால் அந்த நீலம் அடைபட்டு, பிரேக் லைட்டுக்கே உரிய அடர்சிவப்பு வரும். இண்டிகேட்டரின் ஆம்பர் எனும் மஞ்சள்-ஆரஞ்சு நிறத்துக்கு மஞ்சளில் தொடங்கி, பல்குத்தும் குச்சியின் நுனியால் சிவப்பைத் தொட்டுத் தொட்டுச் சேர்க்க வேண்டும். சிவப்பில் தொடங்கினால் அது ஆரஞ்சைத் தாண்டி ஆம்பருக்குத் திரும்பி வரவே வராது.

கோப்பையில் தெரியும் நிறத்தை நம்பாதீர்கள். ஆழம் கூடினால் நிறம் அடரும். லென்ஸின் தடிமன் 3 மி.மீ. என்றால், பாட்டில் மூடியில் 3 மி.மீ. உயரத்துக்கு ஊற்றி வில்லை எடுங்கள். எத்தனை கிராமுக்கு எத்தனை சொட்டு என்று வில்லையின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள். என்னிடம் அப்படிப் பதினேழு சிவப்பு வில்லைகள் இருக்கின்றன. சரியாக வந்தது பதினான்காவது.

வில்லையைக் காரில் இருக்கிற அதே பல்பை எரியவிட்டுப் பாருங்கள். 5 வாட் பின்விளக்கு இழை எரியும்போதும் சிவப்பு தெரிய வேண்டும், 21 வாட் பிரேக் இழை எரிந்ததும் சட்டென்று வித்தியாசம் தெரிய வேண்டும். சாயம் அதிகமானால் 5 வாட் வெளிச்சம் உள்ளேயே அடங்கிவிடும். பின்னால் வருகிற லாரிக்காரருக்கு உங்கள் கார் இருப்பதே தெரியாது.

நிறமே இல்லாமல் வார்த்துவிட்டு மேலே கிளாஸ் பெயிண்ட் அடிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஒரு கோடை தாங்காது, உரிந்துவிடும்.

குமிழ் வராமல் இருக்க?

ரெசினைக் கலக்கும்போது கரண்டியை அடியோடு ஒட்டி மெதுவாகச் சுற்றுங்கள், அடித்துக் கலக்காதீர்கள். குளிர்ந்த ரெசின் கெட்டியாக இருக்கும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து எடுத்தால் இளகிக் குமிழ் எளிதாக மேலே வரும். அச்சைச் சாய்வாக நிறுத்தி, தாழ்ந்த மூலையிலிருந்து ரெசின் ஏறி வருகிற மாதிரி ஊற்றுங்கள். காற்று மேல் மூலை வழியாகத் தானே போய்விடும்.

இதைத் தொழில் மாதிரிச் செய்கிறவர்கள் ஊற்றிய அச்சை அழுத்தப் பாத்திரத்துக்குள் வைத்து 40 முதல் 60 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் இறுக விடுவார்கள். குமிழ்கள் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு நசுங்கிவிடும். இதற்கென்று செய்த பாத்திரத்தில் மட்டுமே செய்யுங்கள். வீட்டுக் குக்கரில் காற்றடிப்பது உயிரோடு விளையாடுவது.

எப்போது அச்சிலிருந்து எடுக்கலாம்?

எபாக்சி என்றால் குறைந்தது ஒரு முழு நாள். அதற்கப்புறமும் அவசரப்படாமல், அச்சோடு சேர்த்து 60 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்தால் சூடு தாங்கும் திறன் கூடும். அச்சிலிருந்து எடுத்த பிறகு சூடு காட்டினால் லென்ஸ் கோணிவிடும். இதற்குப் பயன்படுத்திய ஓவனில் பிறகு சாப்பாடு வைக்கக் கூடாது. கலக்கிய கோப்பையும் கரண்டியும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

ஒரே லென்ஸில் பாதி சிவப்பு, பாதி ஆம்பர் இருக்கிறதே?

நிறம் பிரியும் கோட்டில் களிமண்ணாலோ மெழுகாலோ அணை கட்டி, ஆம்பரை முதலில் ஊற்றுங்கள். அது கெட்டியாகி, ஆனால் முழுக்க இறுகாமல் இருக்கும்போது அணையை எடுத்துவிட்டுச் சிவப்பை ஊற்றினால் இரண்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆம்பருக்கு முன்னுரிமை ஏன் என்றால், அணை ஓரத்தில் கசிந்தாலும் ஆம்பர் கசிவின் மேல் சிவப்பு வந்தால் கண்ணுக்குத் தெரியாது. மாறிப் போனால் ஆம்பருக்குள் சிவப்புக் கறை தெரியும்.

ரிஃப்ளெக்டர் பகுதியும் சேர்ந்து வார்ப்பாகிவிடுமா?

பார்வைக்கு வார்ப்பாகும். வேலை செய்யாது. தயவுசெய்து இந்த ஒரு பதிலை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

பழைய பின்விளக்கு லென்ஸ் பலவற்றில் ஒரு பகுதி தேன்கூடு மாதிரி இருக்கும். காருக்குக் கரண்டே இல்லாமல், பல்பு எரியாமல், இருட்டில் நிற்கும்போதும் பின்னால் வரும் வண்டியின் வெளிச்சத்தை அந்த வண்டிக்கே திருப்பி அனுப்புவது அதுதான். ஒவ்வொரு கண்ணும் ஒரு கனசதுரத்தின் மூலை. மூன்று முகங்கள், ஒன்றுக்கொன்று மிகச் சரியான செங்கோணத்தில். கோணம் ஒரு டிகிரியில் சிறு பங்கு பிசகினாலும் வெளிச்சம் வேறெங்கோ போய்விடும். சிலிக்கோன் துளி சுருங்கி, ரெசின் துளி சுருங்கி, விளிம்புகள் துளி மழுங்கி வரும் வீட்டு வார்ப்பில் அந்தக் கோணம் நிற்பதில்லை.

சோதிப்பது எளிது. ராத்திரி பதினைந்து அடி தள்ளி நின்று, டார்ச்சை நெற்றிப்பொட்டோடு ஒட்டிப் பிடித்து அடியுங்கள். அசல் லென்ஸ் பூனைக்கண் மாதிரி தீயாக எரியும். நாம் வார்த்தது மங்கலாகச் சிவந்து சும்மா இருக்கும்.

உடைந்த அசலிலிருந்து ரிஃப்ளெக்டர் பகுதியை மட்டும் வெட்டி அச்சுக்குள் வைத்து, சுற்றி ரெசின் ஊற்றிப் பார்த்தேன். அதன் பின்பக்கத்தில் ரெசின் புகுந்து எல்லாக் கண்களையும் அடைத்துவிட்டது. அக்ரிலிக்கும் ரெசினும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவுக்கு வளைப்பதால், முகங்களே இல்லாத மாதிரி வெளிச்சம் ஊடே போய்விட்டது. அந்தத் தேன்கூட்டுக்குப் பின்னால் காற்றுதான் இருக்க வேண்டும். ஒரு நல்ல ரிஃப்ளெக்டரை அப்படி வீணாக்கியதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

இப்போது நான் செய்வது, கடையில் விற்கும் சிவப்பு ரிஃப்ளெக்டர் இரண்டை வாங்கி பம்பருக்கு மேலேயோ கீழேயோ தனியாக மாட்டிவிடுவது. காரின் அழகு கொஞ்சம் குறையும்தான். ராத்திரியில் ஹைவே ஓரம் பஞ்சராகி நிற்கும்போது அந்த இரண்டு வட்டமும்தான் உங்கள் குடும்பத்தைக் காப்பாற்றும்.

எல்.இ.டி. பல்பு போடலாமா?

ரெசின் லென்ஸுக்கு அதுவே நல்லது, சூடு குறைவு. சிக்னலில் இரண்டு நிமிடம் பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றால் 21 வாட் பல்பு நன்றாகவே சுடும். ஆனால் சிவப்பு லென்ஸுக்குப் பின்னால் சிவப்பு எல்.இ.டி., ஆம்பருக்குப் பின்னால் ஆம்பர் எல்.இ.டி. போடுங்கள். வெள்ளை எல்.இ.டி.யின் ஒளியில் சிவப்புப் பங்கு குறைவு, லென்ஸைத் தாண்டி வரும்போது மங்கிவிடும். இண்டிகேட்டரைக் கண்சிமிட்ட வைக்கும் பழைய ஃப்ளாஷர், எல்.இ.டி.யின் சின்னக் கரண்டுக்குச் சரியாக வேலை செய்யாது, அதையும் மாற்ற வேண்டியிருக்கும். சில பழைய பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் கட்டியிருக்கும். வாங்குவதற்கு முன் பேட்டரியின் எந்த முனை பாடியில் கட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

இடது லென்ஸ்தான் இருக்கிறது, வேண்டியது வலது.

வட்டமோ நீள்சதுரமோ என்றால் திருப்பிப் போட்டால் ஆயிற்று. இல்லையென்றால் வார்ப்பால் ஆகாது, அச்சு இருப்பதைத்தான் தரும். முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, கம்ப்யூட்டரில் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, பிரிண்ட் செய்து தரும் இடங்கள் இப்போது இருக்கின்றன. வந்த பிரிண்டை அப்படியே காரில் மாட்டாதீர்கள். அதன் அடுக்கு வரிகளைத் தேய்த்து, பட்டி பார்த்து, மாதிரியாக வைத்து மேலே சொன்னபடி வார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால், அதே கார் வைத்திருக்கும் ஒருவரிடம் நான்கு நாளைக்குக் கடன் கேட்டுப் பாருங்கள். பழைய கார்க்காரர்கள் மனது வைத்தால் தருவார்கள்.

எத்தனை வருஷம் உழைக்கும்?

நிழலில் நிற்கும் கார் என்றால் பல வருஷம். தினமும் வெயிலில் நின்றால் சிவப்பு முதலில் வெளுக்கும். வார்த்த லென்ஸின் மேல் கார் பெயிண்டர்கள் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூ-கே கிளியர் என்ற நிறமில்லாத பூச்சு ஒரு கோட் அடித்தால் நன்றாகத் தாங்கும். மிச்சமான வில்லையில் அடித்துச் சோதித்துவிட்டு அடியுங்கள்.

சட்டப்படி சரியா?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன்படி பின்னால் சிவப்பும் இண்டிகேட்டரில் ஆம்பரும் எரிய வேண்டும். கறுப்புப் பூச்சு, நீலம், பச்சை எதுவும் கூடாது. வீட்டில் வார்த்த லென்ஸுக்கு எந்தத் தரச்சான்றும் கிடையாது, அதை மறைக்க வேண்டியதும் இல்லை. பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது எல்லா விளக்கும் சரியான நிறத்தில், தெளிவாக எரிவதைக் காட்டத் தயாராகப் போங்கள். 50 வருஷம் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது. அந்தப் பதிவோடு அன்றாட ஓட்டம் கூடாது.

லென்ஸை நாலு பேருக்கு விற்கலாமா என்று கேட்டால், என் பதில் வேண்டாம் என்பதுதான். நம் காருக்கு நாமே பொறுப்பு. பிறர் காரின் பிரேக் லைட்டுக்கு அப்படிப் பொறுப்பேற்க முடியாது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது?

முதலில் உள்ளே இருக்கும் கிண்ணத்தைப் பாருங்கள். துருப்பிடித்து மங்கியிருந்தால் தேய்த்து வெள்ளி பெயிண்ட் அடியுங்கள். பல கார்களில் வெளிச்சம் குறைவாக இருப்பதற்கு லென்ஸ் காரணமே இல்லை, இந்தக் கிண்ணமும் கெட்டுப்போன எர்த்தும்தான் காரணம். பல்புக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒரு விரல் பருமனாவது இடைவெளி இருக்கட்டும். ஸ்க்ரூ ஓட்டையை அச்சிலேயே வார்க்காமல், பின்னால் மெதுவான வேகத்தில் துளையிடுங்கள். ஸ்க்ரூவுக்குக் கீழே ரப்பர் வாஷர் போட்டு, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, விரல் முறுக்குக்குக் கொஞ்சம் மேலே மட்டும் முடுக்குங்கள். அசல் லென்ஸ்கள் பாதி உடைந்ததே இந்த ஸ்க்ரூவை வலித்து முடுக்கியதில்தான்.

மாட்டியதும் பிரேக்கை அழுத்திக் கட்டி வைத்துப் பதினைந்து நிமிடம் எரியவிட்டு லென்ஸைத் தொடுங்கள். கை பொறுக்க வேண்டும். அன்று சாயங்காலம், ஒரு பக்கம் அசலும் மறுபக்கம் புதியதுமாக வைத்து, வீட்டில் யாரையாவது பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு இருபது அடி பின்னால் போய்ப் பாருங்கள். நேரே நின்று பாருங்கள், இரண்டு பக்கமும் நன்றாகச் சாய்ந்து போய்ப் பாருங்கள். பிறகு நீங்கள் பிரேக்கை மிதித்து, எது அசல் என்று அவரைப் பின்னால் போய்ப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அச்சை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

ரெசின் ஒவ்வொரு முறையும் சிலிக்கோனைக் கொஞ்சம் அரிக்கும். பளபளப்பு குறைய ஆரம்பித்தால் அந்த அச்சு முடிந்தது. அதனால் கை படிந்திருக்கும்போதே ஒரு ஜோடி கூடுதலாக வார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாதிரி லென்ஸைப் பருத்தித் துணியில் சுற்றி, கார் பெயரும் எந்தப் பக்கம் என்பதும் எழுதி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். என் ஹெரால்டின் அசல் இரண்டும் அப்படித்தான் இருக்கின்றன, சரியாக வந்த அந்தப் பதினான்காவது வில்லையோடு.